பழங்கார்ச் சீரமைப்பில் வேலை வரிசை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை முன்வைத்து

பழங்கார்ச் சீரமைப்பு என்பது ஓடாமல் நின்றுபோன அல்லது சிதைந்துபோன ஒரு பழைய காரை மீண்டும் சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையாகும். மெக்கானிக், டிங்கர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், இருக்கை தைப்பவர் எனப் பலருடைய கைவேலை இதில் சேர்கிறது. ஒவ்வொருவரும் தம் வேலையை நன்றாகவே செய்திருந்தாலும், எது முதலில், எது பின்னால் என்ற வரிசை தவறினால் கார் முடிவதில்லை. பானெட் ஒரு மூலையிலும் கதவுகள் மாடிப்படிக்கு அடியிலும் நட்டுகளும் போல்ட்டுகளும் கோணிப்பையிலும் கிடக்க, ஆண்டுக்கணக்கில் தார்ப்பாய்க்குள் தூங்கும் கார்கள் பல ஊர்களில் உண்டு. அவற்றுள் பல, சீரமைப்பு தொடங்கும் முன் தள்ளினால் உருளும் நிலையிலாவது இருந்தவை.

இக்கட்டுரை சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் ஒரு காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வரிசையை விளக்குகிறது. அம்பாசிடர், பிரிமியர் பத்மினி முதலியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டான கார்

ட்ரையம்ப் ஹெரால்டு 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. அதன் உருவத்தை அமைத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் சிறிய கார்கள் தனிச் சேஸிஸைக் கைவிட்டு, பாடியே சட்டமாகவும் விளங்கும் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்திற்குப் பாடி செய்து தந்துவந்த ஆலை ஒரு போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாததால், பல இடங்களில் செய்த துண்டுகளைத் தனிச் சேஸிஸ் ஒன்றின்மேல் போல்ட் போட்டு இணைக்கும் பழைய முறைக்கே அது திரும்பியது. ஒரு நிறுவனத்தின் அன்றைய நெருக்கடி, இன்று சீரமைப்பவருக்கு வசதியாகிவிட்டது. ஹெரால்டின் கூரையையும் டிக்கி மூடியையும் முன்பகுதியையும் ஸ்பேனரைக் கொண்டே பிரித்துவிடலாம். மட்கார்டுகளோடு சேர்ந்து முழு முன்பகுதியும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைப் பார்க்க முன் டயர்மீது உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம்.

இந்தியாவில் 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இக்காரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர். இரண்டு கதவுடன் வந்துகொண்டிருந்த காருக்கு 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெரால்டு நான்கு கதவுடன் வந்ததே இல்லை. ஆகவே பின்கதவு உள்ள ஹெரால்டு சென்னைக்கே உரியது. இந்தச் செய்தி கீழே மீண்டும் வேண்டியிருக்கும். 1970களில் இதே எஞ்சினோடு பின் அச்சை மாற்றியமைத்து கேஸல் என்ற கார் வந்தது. பிறகு ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் 1985இல் வந்தது, விற்கவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தியே நின்றுபோனது.

கார் எதற்காக?

வேலை வரிசை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. முடிந்த பிறகு இந்தக் கார் என்ன செய்யப்போகிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குப் போய்வர வேண்டுமா, பழங்கார் அணிவகுப்பில் கலந்துகொள்ள வேண்டுமா, போட்டியில் நடுவர் குனிந்து போல்ட்டின் தலையைக்கூடப் பார்க்கும் அளவுக்கு அசலாக இருக்க வேண்டுமா, இல்லை தாத்தாவின் கார் என்பதற்காக வீட்டில் நின்றால் போதுமா? முதல் நோக்கத்திற்கு நல்ல பிரேக்கும் குளிர்ச்சியாக ஓடும் எஞ்சினும் போதும். பெயிண்டில் ஆங்காங்கே திட்டு இருந்தால் ஒன்றும் குறைவில்லை. மூன்றாவது நோக்கத்திற்குச் செலவு பல மடங்காகும். போட்டிக்குத் தயாரான காரை மழையில் எடுக்க மனமும் வராது. பலர் முதல் நோக்கத்தோடு தொடங்கி, நண்பர்களின் பேச்சைக் கேட்டு நடுவழியில் மூன்றாவதற்குத் தாவுகிறார்கள். கையில் இருக்கும் பணம் முதலாவதற்குக் கணக்கிட்டது. கார் நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2013இல் வெளியிட்ட டுரின் சாசனம், உள்ளதை உள்ளபடி பேணுவதற்கும் சிதைந்ததைச் சீரமைப்பதற்கும் வேறுபாடு காட்டுகிறது. ஒரு காரின் தேய்ந்த இருக்கையும் மங்கிய பெயிண்டும் அதன் வரலாற்றின் பகுதி என்பது அதன் பார்வை. புதிதாக்கப்பட்ட காரை மறுபடியும் பழையதாக்க முடியாது. எனவே, திரும்பப் பெற முடியாத வேலை எதையும் அவசரப்பட்டுச் செய்யாமல் இருப்பதே முன்னுரிமைகளில் ஒன்றாகிறது.

ஆவணங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தொட வேண்டும். இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கொருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஷெட்டில் நின்ற காரில் இது விட்டுப்போயிருக்கும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு மாற்றமும் நடந்திருக்காது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகாத கார்மீது பணம் போடுவது வீண்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமைச் சின்ன வாகனங்களுக்கெனத் தனி விதி வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் தரப்படும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் அசல் வடிவில் இருப்பதும் நிபந்தனை. ஹெரால்டில் வேறு காரின் எஞ்சினைப் பொருத்துவது எளிய வழியாகத் தோன்றலாம். அப்படிச் செய்தவர் இந்தப் பதிவைக் கேட்கும்போது சிக்கலுக்கு ஆளாவார். சட்ட விதியும் இப்படி வேலை வரிசைக்குள் நுழைந்துவிடுகிறது.

கழற்றுவதற்கு முன்

காரைக் கண்டதும் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். முதல் வேலை, இருப்பது மேலும் கெடாமல் நிறுத்துவது. கூரையுள்ள இடம், அடியில் ஈரமில்லாத தரை, காற்றோட்டம் ஆகியவை வேண்டும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துத் துரு கூடும். பருத்தித் துணி நல்லது. எலிகளை விரட்ட வேண்டும். ஒயரைக் கடிப்பதில் அவற்றுக்கு நிகரில்லை. பழைய பெட்ரோல் கெட்டுப் பசையாகியிருக்கும், அதை வடித்துவிட வேண்டும். ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் ஒரு பக்கமாக இருக்கிறது. காலி டேங்க்தானே என்று யாரையும் வெல்டிங் வைக்க விடக்கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, ஏனெனில் உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும்.

அடுத்தது கணக்கெடுப்பு. ஒரு நோட்டில் முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு பாகத்தின் நிலையையும் எழுத வேண்டும். ஆசிரியர் வேலை பார்த்த பழக்கத்தால் நான் இதற்கு மதிப்பெண் பதிவேடு போலக் கட்டம் போட்டுக்கொண்டேன்: பாகம், நிலை, கிடைக்குமா, உயிருக்கு ஆபத்தா, செலவு. நான்காவது கட்டத்தில் 'ஆம்' வந்தவை எல்லாம் முதலில். மூன்றாவதில் 'இல்லை' வந்தவற்றைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். மற்றவை வரிசையில் நிற்கட்டும்.

கழற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றி, முடித்து, பூட்டி, அடுத்ததற்குப் போவது நல்ல முறை. கார் எப்போதும் உருளும் நிலையில் இருக்கும், மனமும் தளராது. சேஸிஸ் உளுத்திருந்தால் மட்டுமே முழுக்கப் பிரிப்பது தவிர்க்க முடியாதது. கழற்றிய போல்ட்டை அதன் துளையிலேயே திருப்பி நான்கு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டால் கோணிப்பைத் தேடல் மிச்சம். ஒவ்வொரு அடியிலும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த ஒயர் எங்கே போனது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

உயிரோடு தொடர்புள்ள பாகங்கள்

பிரேக்கில் தொடங்க வேண்டும். ஹெரால்டு போன்ற கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் மிதி தரையைத் தொடும், நான்கு பிரேக்கும் போய்விடும். இன்றைய கார்களில் இரட்டைச் சுற்று இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பல ஆண்டு நின்ற காரில் அந்த ஈரம் இரும்புக் குழாயையும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்தே அரித்திருக்கும். வெளியே துடைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ரப்பர் ஹோஸ் உட்பக்கம் ஊதி அடைத்துக்கொண்டு, பிரேக் பிடித்தபின் விடாமல் போவதும் உண்டு. எனவே ஹோஸ், குழாய், ரப்பர் வாஷர்கள் அனைத்தையும் நிலை பாராமல் மாற்றிவிடுவதே முறை. சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் வாஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை. மினரல் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிக் கெடும், அதனால் ஆயில் கேனை மாற்றி எடுத்துவிடக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்து வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் அந்தத் தூளை நுரையீரலுக்குள் அனுப்பும் வேலை. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. ஹெரால்டைச் சீரமைப்பவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு நிற்கும் இரும்புத் தண்டு தாங்குகிறது. அந்தத் தண்டின் கீழ்முனையில் மறை வெட்டியிருக்கும். அது டிரனியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மறைக்குள் திரும்புகிறது. ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார்; அதற்காகச் சக்கரம் வெகுவாக வளைகிறது. இந்த மறைக்குள் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரித்தவர்களின் அறிவுரை. ஆனால் அங்கே கிரீஸ் நிப்பிள் போன்ற ஒன்று இருப்பதைக் கண்டு பல மெக்கானிக்குகள் வழக்கம்போல் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் மறையின் உட்பகுதிவரை இறங்காது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து இரும்பு அரிக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்று இதோடு சேர்கிறது. என் மாமனாரின் நான்கு கதவு ஹெரால்டு பல ஆண்டுகள் ஷெட்டில் நின்றது. அவர் காலமான பின் என் மைத்துனரும் நானும் அதை ஓடவைக்க முடிவு செய்தோம். என் மகளின் திருமணத்தில் மணமக்கள் அந்தக் காரில்தான் வரவேண்டும் என்பது ஆசை. தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெயிண்ட், இருக்கை, பம்பருக்கு முலாம் என்று கையிலிருந்த பணத்தில் முக்கால்வாசி போயிற்று. கார் பளபளவென்று வந்து நின்றது, எஞ்சினும் ஓடியது. ஸ்டீயரிங் மட்டும் ஒரு பக்கம் கனமாக இருந்தது. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வயதான மெக்கானிக் ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, உடனே முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிரனியனைத் திருகி எடுத்தபோது தண்டின் மறைக்கு மேலே, விரல் நகத்தால் தொட்டு உணரக்கூடிய அளவுக்குத் துரு வளையம் போலக் குழித்திருந்தது. அவர் அதை என் மைத்துனரின் உள்ளங்கையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மணமக்கள் வாடகைக் காரில் வந்தார்கள்.

அந்தத் தண்டையும் டிரனியனையும் சரிசெய்ய ஆன செலவு பெயிண்ட் செலவின் ஒரு சிறு பகுதி. ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாகக் கொண்டு உருவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் கார் 1980 வரை தயாரானது. இரண்டுக்கும் பொதுவான இயந்திர பாகங்கள் பல என்பதால் இவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இடப்பக்கத்து மறையும் வலப்பக்கத்து மறையும் வேறுவேறு; வரவழைக்கும்போது கவனிக்க வேண்டும்.

பின்பக்கத்திலும் ஒரு தனித்தன்மை உண்டு. ஹெரால்டின் பின் அச்சு இரு பக்கமும் தனித்தனியே ஊசலாடும் வகை. மேலே ஒரே லீஃப் ஸ்பிரிங் குறுக்காக ஓடும். வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து கார் வழுக்கக்கூடும். ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். டயரைப் பொறுத்தவரை பூவேலை தேயாமல் இருப்பது போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். ஷெட்டில் நின்ற காரின் டயர் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருக்கும்.

பெட்ரோல் ஹோஸ்கள் இப்போது கூடுதல் கவனம் பெறுகின்றன. 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வும் எத்தனாலில் ஊதி, மிருதுவாகிக் கசியும். எஞ்சின் சூட்டில் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதோடு, இன்சுலேஷன் உதிர்ந்த ஒயர்களை மாற்றி, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்துவிட்டால் தீ விபத்துக்கான முக்கியக் காரணங்கள் அடங்கும். இந்தக் காலத்துக் கார்களைப் போல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி பியூஸ் பழைய கார்களில் கிடையாது.

சேஸிஸும் துருவும்

ஹெரால்டின் சேஸிஸில் நடுவே இரண்டு நீள இரும்புகள். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். முதலில் உளுப்பது இந்தப் பக்கக் கைகளும், டிக்கிக்கு அடியிலுள்ள தாங்கிகளும். மழைநீரும் சேறும் அங்கே தங்கும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்றும் உளுத்தது மந்தமாகவும் ஒலிக்கும். பானை வாங்கப் போகும் பாட்டிமார் செய்யும் அதே சோதனைதான். தார் பூசி மறைத்த இடங்களைக் கட்டாயம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு சில் தகடு ஹெரால்டில் போல்ட்டில் மாட்டியது. பாரம் தாங்குவது சேஸிஸ். அம்பாசிடர், பத்மினி போன்றவற்றில் தனிச் சேஸிஸ் இல்லை, சில் தகடே காரின் முதுகெலும்பு. அவற்றில் அதை வெட்டும் முன் கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து, பிறகு கதவே மூடாது. பாடியைத் தூக்கும்போது ஹெரால்டுக்கும் இந்தப் பிணைப்பு தேவை. சேஸிஸில் எண் அடித்த பகுதியை எந்த நிலையிலும் வெட்டி எறியக் கூடாது.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே பெயிண்ட். இது சொல்லாமலே விளங்கும் என்று தோன்றும். ஆனால் புதுப் பெயிண்ட் அடித்த காரில் துரு தெரியவந்து, வெல்டிங் சூட்டில் பெயிண்ட் கருகிய காட்சியை அனேகமாக ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் பார்த்திருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறுதியான ஸ்டாண்டு நான்கு வாங்குவது முதல் செலவாக இருக்கட்டும்.

கிடைக்காத பாகங்கள்

எது விலை அதிகம் என்பதைவிட எது மீண்டும் கிடைக்காது என்பது முக்கியமான கேள்வி. மேலே சொன்ன நான்கு கதவு ஹெரால்டை மீண்டும் நினைத்துக்கொள்ளலாம். அதன் டிரனியனும் கிளச்சும் பேரிங்கும் கடல் கடந்தாவது வரும். பின்கதவு வராது. அதன் கண்ணாடிச் சட்டம், கைப்பிடி இயங்கமைப்பு, நடுத்தூணின் ஓரத் தகடு எதுவும் இங்கிலாந்தில் இல்லை, ஏனென்றால் அவை அங்கே செய்யப்படவே இல்லை. சென்னையில் செய்த ஆலை மூடிக்கிடந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே துருப்பிடித்த பின்கதவைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது, நல்ல எஞ்சினைத் தொலைப்பதைவிடப் பெரிய இழப்பு. அடிப்பகுதி உளுத்திருந்தாலும் மேற்சட்டத்தை வைத்துக்கொண்டு, கீழ்த் தகட்டைக் கையால் அடித்துப் பொருத்தும் டிங்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளையவர்கள் அந்த வேலையைக் கற்பது குறைந்துவருகிறது. எனவே தகட்டு வேலையை இன்னும் பத்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது சரியாக வராது.

எழுத்துச் சின்னங்கள், மீட்டர் வட்டுகள், ஸ்டீயரிங்கின் நடுப் பொத்தான், விளக்குக் கண்ணாடிகள் ஆகியவற்றை முதல் நாளே கழற்றித் துணியில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது. ஒர்க்‌ஷாப்பில் காணாமல்போவது இவையே. தேட வேண்டி வந்தால் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் பழகிய இடங்கள். அங்கே போவதற்கு முன் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அல்லது அளவையாவது. உடைந்த மற்றொரு காரை உதிரிக்காக வாங்குவதும் வழக்கம். இடமும் ஆவணமும் இருந்தால் அது நல்ல யோசனை. இல்லையேல் ஒன்றுக்கு இரண்டாகத் தார்ப்பாய் வாங்க வேண்டியிருக்கும்.

எஞ்சின்

பலர் முதலில் நினைப்பது இதைத்தான். உண்மையில் 948 சிசி எஞ்சின் எளிமையானது, பொறுமை மிக்கது. சற்றுப் பின்னால் நிற்கலாம். நின்றுபோன எஞ்சினை உடனே செல்ஃப் அடிக்கக்கூடாது. பிளக்குகளைக் கழற்றித் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால், பழைய ஆயிலை மாற்றி, கம்ப்ரெஷன் அளந்து, ஆயில் பிரஷரைப் பார்த்த பின்னரே ஓவர்ஹால் தேவையா என்று தீர்மானிக்கலாம். இந்த எஞ்சினுக்கு ஒரு சோதனை தவறாமல் செய்ய வேண்டும். ஒருவர் கிளச்சை மிதிக்க, மற்றவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னோக்கி நகர்ந்தால், கிராங்கின் முன்பின் நகர்வைத் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கவனிக்காமல் ஓட்டினால் அவை நழுவி விழுந்து எஞ்சின் பிளாக்கையே அரிக்கும்.

2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. பழைய எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் ஈயத்தின் பாதுகாப்பை நம்பி அமைந்தவை. இதற்கெனக் கடினமான சீட்டுகள் பொருத்தலாம். ஆனால் அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எப்போதாவது கழற்ற நேரும்போது செய்துகொண்டால் போதும். மெதுவாக ஓடும் காருக்கு அவசரமில்லை.

பெயிண்ட், இருக்கை, முலாம்

இவை கடைசி. வெளியே தெரிவதால் ஆசை முதலில் இவற்றின்மேல் போகும். பெயிண்டுக்கு முன் கதவு, பானெட், டிக்கி மூடி அனைத்தையும் மாட்டி இடைவெளிகளைச் சரிபார்த்து, மறுபடி கழற்றியே பெயிண்ட் அடிக்க வேண்டும். ஹெரால்டு துண்டுதுண்டாக இணைவதால் இது அதிலும் முக்கியம். ஒரு துண்டு கால் அங்குலம் தள்ளினால் அடுத்தடுத்த எல்லாம் தள்ளும். பட்டியைக் கனமாகப் பூசி மறைத்த மேடுபள்ளம் ஓரிரு கோடையில் வெடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆதலால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு. ஒயரிங் முடிந்து எல்லா விளக்கும் எரிவதைப் பார்த்த பிறகு கூரைத் துணியும் இருக்கையும் வரட்டும். கிழியாத பழைய ரெக்சின் இருக்கையைச் சோப்பு நீரில் துடைத்தே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புது இருக்கையில் மாமனாரின் கார் வாசனை இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

பணமும் சோதனை ஓட்டமும்

மதிப்பிட்ட தொகை முழுவதையும் திட்டமிட்ட வேலைகளுக்கே ஒதுக்கிவிட்டால், திறந்து பார்க்கும்போது வெளிப்படுவதற்குப் பணம் இருக்காது. பழைய காரில் திறக்காமல் தெரியாதவையே அதிகம். ஆகவே ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பணம் தட்டுப்பட்டால் வரிசையின் கடைசியிலுள்ளவற்றை நிறுத்தலாம். பெயிண்ட் மங்கிய கார் ஓடும், பிரேக் பாதி முடிந்த கார் நகரக்கூடாது. ஒர்க்‌ஷாப்போடு மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசி, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் பணம் தருவது இருவருக்கும் நல்லது.

முதல் ஓட்டம் பகலில், போக்குவரத்தில்லாத தெருவில், தீயணைப்பான் கையருகே இருக்க நடக்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி நான்கு டிரம்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க நிறுத்தினால் எங்கே எது கசிகிறது என்று காலையில் தெரியும். சக்கர நட்டுகளையும், ஸ்டீயரிங் இணைப்புகளையும், பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் ஹெரால்டு திருமணம் முடிந்து இரண்டாண்டு கழித்து இப்படித்தான் தெருவைச் சுற்றியது. இப்போது மாதத்துக்கு இருமுறை எடுக்கிறோம். டிரனியனுக்குக் கியர் ஆயில் விட்ட தேதி ஷெட்டின் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.